களிமண், கிரிஸ்டல், மரத்தூள், டோஃபு: பூனைக்கு எந்த லிட்டர் என்று வீட்டிலேயே ஒப்பிட்டுப் பார்ப்பது

ஒருவர் கேட்ட கேள்வியைச் சுருக்கமாக முதலில் எழுதிவிடுகிறேன். (லிட்டர் என்பது இங்கே அளவு அல்ல; பூனை மலசலம் கழிக்கும் பெட்டியில் கொட்டி வைக்கும் துகள்.) வீட்டில் கருத்தடை செய்த நான்கு வயது ஆண் பூனை ஒன்று. கூடவே புதிதாக வந்த இரண்டு மாதக் குட்டி ஒன்று. வீட்டில் ஒருவருக்கு ஆஸ்துமா. இதுவரை பயன்படுத்தியது சிறுநீர் பட்டதும் கட்டியாகும் களிமண் லிட்டர்; அதன் தூசி தாங்கவில்லை. சிலிக்கா கிரிஸ்டல், மரத்தூள் உருளை, டோஃபு என்று பல வகை கிடைக்கின்றன. எதற்கு மாறலாம், எதில் நாற்றம் குறையும்?

லிட்டர் பையைக் கையில் எடுத்ததும் நாம் பார்ப்பது மணம், தூசி, கனம். பூனைக்குத் தெரிந்தது வேறு: காலடியில் உறுத்துகிறதா, தோண்ட வருகிறதா, மூட வருகிறதா. வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. பொலபொலவென்ற மண்ணைத் தோண்டி, இருந்துவிட்டு, மூடிப் போவது அதன் ரத்தத்தில் ஊறியது. மூன்று நான்கு வாரக் குட்டிகூட யாரும் சொல்லித் தராமலே மண்ணைக் கிளறத் தொடங்கிவிடும். விலங்கு நடத்தை நிபுணர் பீட்டர் போர்ச்செல்ட் 1991இல் வெளியிட்ட ஆய்வில் பல வகை லிட்டர்களைப் பூனைகளுக்கு வைத்துப் பார்த்தார். பூனைகள் அதிகம் நாடியது நைஸான, கட்டியாகும் களிமண்ணைத்தான். எல்லாப் பூனைக்கும் இது பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் வேறு வகைக்கு மாறும்போது உங்கள் பூனை முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது பிடிவாதம் அல்ல, பாதத்தின் பழக்கம் என்பது புரியும்.

இப்போது நீங்கள் வைத்திருக்கும் களிமண்ணிலிருந்து தொடங்கலாம். பெட்டியில் சாம்பலும் மணலும் கொட்டிவந்த காலத்தில், 1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோவ் என்பவர், பூனைக்கு மணல் கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு, தொழிற்சாலைகளில் எண்ணெய்க் கசிவை உறிஞ்சப் பயன்பட்ட களிமண் துகளைக் கொடுத்தனுப்பினார். அது முல்தானி மிட்டி வகையைச் சேர்ந்த மண். கடையில் விற்கும் லிட்டர் அங்கிருந்துதான் வளர்ந்தது. அந்தப் பழைய களிமண் உறிஞ்சும், ஆனால் கட்டியாகாது. பென்டோனைட் என்ற களிமண்ணால் ஆன, கட்டியாகும் லிட்டர் 1980களில் வந்தது. பென்டோனைட்டின் நுண்ணிய அடுக்குகளுக்குள் தண்ணீர் புகுந்ததும் அது வீங்கிப் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். சோடியம் வகை பத்து மடங்குக்கும் மேல் வீங்கக்கூடியது. கால்சியம் வகை அவ்வளவு வீங்காது. அதைச் சலவைச் சோடாவோடு பதப்படுத்தி விற்பதும் உண்டு. ஒரே மாதிரி தெரியும் இரண்டு பைகளில் ஒன்று கல் மாதிரி கட்டியாவதும் இன்னொன்று கரண்டியிலேயே உதிர்வதும் பெரும்பாலும் இதனால்தான்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கிண்ணத்தில் மூன்று நான்கு விரல் ஆழத்துக்கு லிட்டரைக் கொட்டுங்கள். அரை டம்ளர் தண்ணீரில் இரண்டு சிட்டிகை உப்பைக் கரைத்து, அதிலிருந்து இரண்டு தேக்கரண்டி எடுத்து ஒரே இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். வெறும் தண்ணீர் போதாது. பென்டோனைட் நல்ல தண்ணீரில் வீங்குகிற அளவு உப்புக் கரைசலில் வீங்காது. பூனையின் சிறுநீரோ உப்பும் யூரியாவும் செறிந்தது. வெறும் தண்ணீரில் பிரமாதமாகக் கட்டியாகும் லிட்டர் பெட்டிக்குள் போனதும் சொதப்பலாம். கால் மணி நேரம் விட்டு அள்ளிப் பாருங்கள். நல்ல லிட்டரில் கட்டி மேலாகவே, உருண்டையாக நிற்கும். ஒரு சாண் உயரத்திலிருந்து போட்டாலும் ஓரம் மட்டும்தான் உதிரும். மோசமானதில் தண்ணீர் நேராக அடிக்கு ஓடி, கிண்ணத்தின் தரையில் சேறாக அப்பிக்கொள்ளும். சுரண்டினால் துண்டு துண்டாக வரும், அந்தத் துண்டுகள் மிச்ச லிட்டரோடு கலந்துவிடும். பெட்டியை எவ்வளவு சுத்தம் செய்தாலும் நாற்றம் போகவில்லை என்று பலர் சொல்வதற்குக் காரணம் இந்தத் துண்டுகள்தான்.

கட்டியாகும் லிட்டரை நான் இவ்வளவு பேசுவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிய காரணம். பூனை நோயை வெளியே காட்டாது. அது காட்டும் சில தடயங்களில் ஒன்று பெட்டியில் இருக்கும் கட்டி. நல்ல ஆரோக்கியமான பூனை பொதுவாக நாளுக்கு இரண்டு முதல் நான்கு முறை சிறுநீர் கழிக்கும். கட்டிகள் சில வாரமாகப் பெரிதாகிக்கொண்டே போனால் சிறுநீரகம், சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றை மருத்துவர் பார்க்க வேண்டும். பட்டாணி அளவில் சின்னச் சின்னதாக நிறைய இருந்தால் சிறுநீர்ப்பையில் எரிச்சல் இருக்கலாம். ஆண் பூனை திரும்பத் திரும்பப் பெட்டிக்குப் போய் முக்கியும் ஒரு கட்டிகூட இல்லையென்றால் சிறுநீர்ப்பாதை அடைத்திருக்கலாம். அது அவசரம். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். உங்கள் வீட்டில் இருப்பது ஆண் பூனை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சரி, தூசி. ஜன்னல் வழியே வெயில் சாய்வாக விழும் இடத்தில், கறுப்புத் துணி மேல், ஒரு குவளை லிட்டரை ஓரடி உயரத்திலிருந்து கொட்டுங்கள். வெயில் கீற்றில் எழும்பும் தூசியும், துணியில் படியும் வெள்ளையும், பையில் அச்சிட்டிருக்கும் ‘99% தூசியற்றது’ என்ற வரியைவிட நம்பகமானவை. கொட்டிய சில நொடிகளில் அடங்கினால் பரவாயில்லை. கீற்றில் நிமிடக்கணக்கில் மிதந்துகொண்டே இருந்தால் அது நுண்தூசி, ஆஸ்துமா உள்ளவருக்கு ஆகாது. பூனைக்கும் ஆஸ்துமா வரும் என்பதை மறக்க வேண்டாம். அதன் மூக்கு பெட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது.

சிலிக்கா என்ற பெயரைக் கேட்டதும் நுரையீரல் நோய் நினைவுக்கு வந்து கிரிஸ்டல் லிட்டரைக் கண்டு பயப்படுபவர்கள் உண்டு. அந்தப் பயம் இடம் மாறியிருக்கிறது. நுரையீரலைக் கெடுப்பதாக அறியப்பட்டது படிக வடிவச் சிலிக்கா, அதாவது குவார்ட்ஸ். லிட்டரில் வரும் சிலிக்கா ஜெல், கிரிஸ்டல் என்று பெயர் இருந்தாலும், படிக வடிவம் அற்றது. மாறாக, இயற்கைக் களிமண்ணில்தான் குவார்ட்ஸ் கொஞ்சம் கலந்திருக்கும். சுரங்கத்திலும் ஆலையிலும் ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவர்களுக்கு வரும் ஆபத்தையும் வீட்டுப் பெட்டியையும் ஒன்றாக வைக்க முடியாது. ஆனாலும் தூசி என்று பார்த்தால் மலிவான களிமண்தான் கவலை தர வேண்டியது.

கிரிஸ்டல் வேலை செய்யும் விதமே வேறு. புதுச் செருப்புப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்ச ஒரு சின்னப் பை போட்டிருப்பார்களே, அதே பொருள். கண்ணுக்குத் தெரியாத துளைகள் சிறுநீரை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் மெல்ல ஆவியாகும். நாற்றம் தரும் பொருட்கள் பெரும்பாலும் உள்ளேயே தங்கும். மலத்தை மட்டும் அள்ளி, தினமும் ஒருமுறை கிளறிவிட்டால் ஒரு பூனைக்குச் சுமார் ஒரு மாதம் ஓடும். எடை குறைவு, தூசி குறைவு. முதல் இரண்டு வாரம் நாற்றத்தில் இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் முழுக்க நிரம்பிய பிறகு சட்டென்று கைவிட்டுவிடும்: துகள்கள் மஞ்சளாகி, பெட்டியின் அடியில் ஈரம் தேங்கும், ஒரே நாளில் வீடு நாறும். காற்றில் ஈரம் அதிகமான இடத்தில் ஆவியாவது மெதுவாவதால் இந்த நாள் சீக்கிரமே வரும். கூர்முனை உள்ள பெரிய துகள்கள் பல பூனைகளுக்குப் பிடிப்பதில்லை, காலில் நறநறவென்று குத்தும். உருண்டை முத்து மாதிரி இருப்பவை குத்தாது, ஆனால் அறை முழுக்க உருண்டோடும். இதில் எனக்கு இருக்கும் பெரிய குறை, பூனை இன்று எத்தனை முறை சிறுநீர் கழித்தது, எவ்வளவு என்று கண்ணால் பார்க்க முடியாது என்பதுதான். சிறுநீரின் அமிலத்தன்மைக்கு ஏற்ப நிறம் மாறும் கிரிஸ்டல்களும் வருகின்றன. அவற்றை ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம், மருத்துவப் பரிசோதனையாக அல்ல.

மரத்தூள் உருளைகள் பெரும்பாலும் பைன் மரத்தூளை அழுத்திச் செய்தவை. சிறுநீர் பட்டதும் உருளை உடைந்து தூளாகிப் பொங்கும். அதனால் இதற்குச் சாதாரணப் பெட்டி சரிவராது. அடியில் சல்லடை வைத்த இரட்டைத் தட்டு வேண்டும். ஆட்டினால் தூள் கீழே விழும், உடையாத உருளை மேலே நிற்கும். வழக்கமான கரண்டியால் இதை அள்ள முயன்று எரிச்சலடைந்து விட்டுவிட்டவர்கள் பலர், அந்தத் தட்டு இருந்திருந்தால் தொடர்ந்திருப்பார்கள். தூசி குறைவு, வீட்டில் சிந்துவதும் குறைவு. மர வாசனை சிறுநீரின் அம்மோனியா நெடியை ஓரளவு அமுக்கும். கெடுதல் என்று பார்த்தால், பென்சில் தடிமனில் கட்டையாக இருக்கும் உருளை மேல் நடக்கப் பல வயதான பூனைகள் மறுக்கும். நன்றாக வெப்பத்தில் உலர்த்திய மரமா என்று பையில் பாருங்கள். உலர்த்தாத பைனில் இருக்கும் எண்ணெய்ப் பொருட்கள் பூனையின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது.

டோஃபு லிட்டர் சோயா சக்கையிலிருந்து வருகிறது, ஒட்டுவதற்கு மாவுச்சத்தோ கொத்தவரை விதைப் பசையோ சேர்ப்பார்கள். சின்னக் குச்சி வடிவம், மெத்தென்று இருக்கும், தூசி மிகக் குறைவு, கட்டியும் ஆகும். களிமண்ணிலிருந்து மாறும் பூனை மற்ற வகைகளைவிட இதைச் சுலபமாக ஏற்றுக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். மெல்லிய குச்சியாக, இரண்டு மில்லிமீட்டர் அளவில் இருப்பதை வாங்கினால் இன்னும் சுலபம். கட்டி இறுக நேரம் எடுக்கும், உடனே அள்ளினால் பிசுபிசுக்கும். அடிப்படையில் இது உணவுப் பொருள்தான், அதனால் ஈரமான இடத்தில் திறந்து வைத்த பையில் பூஞ்சை பிடிக்கும், வண்டு வரும். சிறிய பையாக வாங்கி, மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். நாய் இருக்கும் வீட்டில் நாய் இதைத் தின்னும்.

டோஃபு பையில் ‘டாய்லெட்டில் போட்டு ஃப்ளஷ் செய்யலாம்’ என்று எழுதியிருக்கும். செய்யாதீர்கள். லிட்டர் கரைந்தாலும் பூனை மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் இருக்கலாம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அவற்றைக் கொல்வதில்லை. கலிஃபோர்னியாவில் கடல் நீர்நாய்கள் இந்த நோயால் செத்த பிறகு, பூனைக் கழிவைக் கழிவறையிலும் சாக்கடையிலும் போட வேண்டாம் என்று லிட்டர் பைகளில் அச்சிடச் சொல்லி 2006இல் அந்த மாநிலம் சட்டமே போட்டது. களிமண்ணைக் கழிவறையில் போட்டால் குழாய்க்குள் வீங்கி அடைத்துக்கொள்ளும் என்பது தனிக் கதை. எந்த லிட்டராக இருந்தாலும் பையில் கட்டிக் குப்பையில் போடுவதுதான் சரி. அந்த முட்டைகள் வெளியே வந்து குறைந்தது ஒரு நாள் கழித்துத்தான் தொற்றும் நிலைக்கு வரும் என்பதால், தினமும் அள்ளுவதே நல்ல பாதுகாப்பு. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வேலையை வேறொருவர் செய்யட்டும்.

காகித உருண்டைகளை அறுவை சிகிச்சைக்குப் பிறகு தையல் ஆறும்வரை வைப்பார்கள். துகள் காயத்தில் ஒட்டாது, தூசியும் இல்லை. நாற்றத்தை மட்டும் தாங்காது. சோளம், கோதுமை, மரவள்ளி லிட்டர்கள் குணத்தில் டோஃபுக்கு உறவு, குறையும் அதே ஈரம்தான். ஆற்று மணலும் தோட்டத்து மண்ணும் பூனைக்குப் பிடிக்கும், ஆனால் சிறுநீர் அப்படியே அடிக்கு இறங்கிவிடும். கிருமியும் புழுவும் கூடவே வரும்.

நாற்றம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். புதுச் சிறுநீரில் அம்மோனியா நெடி இருக்காது. யூரியாவைப் பாக்டீரியா உடைத்த பிறகுதான் கண்ணில் நீர் வரவைக்கும் அந்த நெடி கிளம்பும், அதற்குச் சில மணி நேரம் வேண்டும். அதற்குள் அள்ளிவிட்டால் எந்த லிட்டரும் நல்ல லிட்டர்; மூன்று நாள் விட்டால் எந்த லிட்டரும் நாறும். ஆண் பூனையின் தனி வீச்சம் ஃபெலினின் என்ற கந்தகப் பொருள் உடைவதால் வருவது, அது ஆண் ஹார்மோனோடு சேர்ந்தது. கருத்தடை செய்ததில் நீங்கள் பாதிப் பிரச்சினையை ஏற்கெனவே தீர்த்துவிட்டீர்கள். சமையல் சோடா தூவச் சொல்வார்கள். அம்மோனியாவும் காரம், சோடாவும் காரம், ஒன்றை ஒன்று ஒன்றும் செய்யாது. ஜியோலைட் என்ற கனிமம் கலந்த லிட்டர் அம்மோனியாவைப் பிடித்து வைக்கும், கரி கலந்தது மலத்தின் வாடையை ஓரளவு உறிஞ்சும். ரோஜா, லாவண்டர், எலுமிச்சை மணம் சேர்த்தவை வேண்டவே வேண்டாம். நமக்கு லேசாகத் தெரியும் மணம், மூடிய பெட்டிக்குள் பூனையின் மூக்கில் அறையும். ஒன்று கவனியுங்கள், வீட்டிலேயே இருக்கும் மூக்கு பழகிப்போயிருக்கும். லிட்டர்களை ஒப்பிடும்போது வெளியிலிருந்து வரும் ஒருவரைக் கேளுங்கள்.

பெட்டியைக் கழுவச் சுடுதண்ணீரும் வாசனையில்லாத சோப்பும் போதும். தண்ணீரில் விட்டால் பால் போல வெளுக்கும் பினாயில் வகைகள் பூனைக்கு நஞ்சு. ப்ளீச்சிங் திரவம் சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கும் வாயு வரும். ஆஸ்துமா உள்ள வீட்டில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கிண்ணத்தில் செய்யும் சோதனை லிட்டரைப் பற்றிச் சொல்லும், பூனையைப் பற்றிச் சொல்லாது. அதற்கு ஒரே அளவு, ஒரே வடிவப் பெட்டிகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் பழைய லிட்டர், ஒன்றில் புதிது. மூடி வேண்டாம். பெட்டி பூனையின் உடல் நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும், களிமண்ணும் டோஃபுவும் மூன்று நான்கு விரல் ஆழம், மர உருளை என்றால் அதில் பாதி. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இடத்தை மாற்றி வையுங்கள், இல்லாவிட்டால் பூனை லிட்டரைத் தேர்ந்தெடுத்ததா மூலையைத் தேர்ந்தெடுத்ததா என்று தெரியாது. தினமும் அள்ளும்போது எதில் எத்தனை என்று குறித்து வையுங்கள். எண்ணிக்கையைவிட, பூனை உள்ளே போவதைப் பார்ப்பது அதிகம் சொல்லும். பிடித்திருந்தால் மோந்து பார்த்து, ஒரு சுற்றுச் சுற்றி, நிதானமாகத் தோண்டும். முடித்தபின் திரும்பி நின்று மூடும். பிடிக்காவிட்டால் விளிம்பில் இரண்டு கால், உள்ளே இரண்டு கால் என்று நிற்கும். பாதத்தை உதறும். லிட்டரை விட்டுவிட்டுப் பெட்டியின் சுவரையோ தரையையோ பிறாண்டும். முடித்ததும் மூடாமல் பாய்ந்து ஓடும். இவற்றைப் பார்த்த பிறகும் பழைய லிட்டரை எடுத்துவிட்டால் அடுத்த இடம் உங்கள் சோபாதான்.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது இது. பெரிய பூனைக்கு முதலில் மெல்லிய குச்சி டோஃபுவை இப்படிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்குப் பிடித்தால் தூசிப் பிரச்சினையும் தீரும், கட்டியைப் பார்க்கும் வசதியும் கையில் இருக்கும். அரைமனதாக இருந்தால் டோஃபுவும் பென்டோனைட்டும் கலந்த லிட்டர் வருகிறது, அது நல்ல இடைவழி. சுத்தமாக மறுத்துவிட்டால், வெயில் சோதனையில் தேறிய, கொஞ்சம் பருமனான களிமண்ணுக்குப் போங்கள். அதற்கு மேல் பூனையைக் கட்டாயப்படுத்த வேண்டாம். எந்த வகையானாலும் கொட்டுவதும் அள்ளுவதும் ஆஸ்துமா இல்லாதவர் செய்யட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும், பெட்டி படுக்கையறையில் இருக்க வேண்டாம்.

குட்டி விஷயம் வேறு. இந்த வயதுக் குட்டி எதையும் வாயில் போட்டுப் பார்க்கும். பென்டோனைட் வயிற்றுக்குள் போனால் அங்கேயும் வீங்கும், ஒட்டும். நான்கு மாதம் ஆகும்வரை கட்டியாகாத லிட்டர்தான், காகிதமோ சின்ன மர உருளையோ, தாழ்ந்த விளிம்புள்ள தட்டில். மர உருளை என்றால் அந்தத் தட்டும் சல்லடை வைத்ததாக இருக்கட்டும். பெரிய பூனையின் பெட்டி இருக்கும் அறையில் நீங்கள் பார்க்காத நேரத்தில் குட்டியை விடாதீர்கள். இரண்டு பூனைக்கு மூன்று பெட்டி என்பது வழக்கமான கணக்கு, அவை ஒரே அறையில் வரிசையாக இருந்தால் பூனைக்கு ஒரே பெட்டிதான். நான்கு மாதம் தாண்டியதும் குட்டியின் தட்டில் பெரிய பூனையின் லிட்டரை ஒரு பிடி கலந்து தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் மெல்லக் கூட்டிக்கொண்டு போகலாம். அப்போதும் வாயில் எடுத்தால் இன்னும் ஒரு மாதம் பொறுத்து மறுபடி பாருங்கள்.